மூன்றாம் வகுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள பெற்றோர், தாத்தா பாட்டிகள், பள்ளி ஊழியர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பாராட்டு விழா முடிந்து தோரணங்களைக்கூட அவிழ்த்தாயிற்று. ஆண்டுக் கடைசி வேலைகள் கழுத்தை நெரிக்கின்றன. ஆனாலும் விடுமுறை தொடங்குவதற்குள் இந்த நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இம்முறை முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வைக்காமல், ஒவ்வொரு பிள்ளையும் உண்மையிலேயே செய்த ஒரு காரியத்தைச் சொல்லிப் பாராட்டுவது என்று முடிவெடுத்தோம். முடிவெடுப்பது சுலபம். 'நன்றாகப் படிக்கிறாள்', 'சமர்த்துப் பையன்' என்று எழுதிக்கொண்டே போனால் ஒரே மூச்சில் எல்லாச் சான்றிதழும் தயார். பிள்ளைகளும் வாங்கிய கையோடு பைக்குள் திணித்துவிடுவார்கள். என்ன செய்தான், என்ன செய்தாள் என்று எழுத வேண்டுமானால், யாராவது அதைப் பார்த்திருக்க வேண்டும். வகுப்பு முழுவதையும் மேய்க்கும் ஒரு டீச்சரின் கண்ணில் எல்லாம் படாது. உங்கள் கண்களைத்தான் இரவல் வாங்கினேன்.

முதல் நன்றி நம் ஆயாம்மாவுக்கு. மாலை மணி அடித்ததும் எல்லாரும் ஓடிவிட, ஒரு பையன் மட்டும் பின்தங்கி, கோணல்மாணலாகக் கிடக்கும் நாற்காலிகளை ஒவ்வொன்றாக மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவதைப் பார்த்தவர் அவர்தான். "அவன் பேரையும் எழுதுங்க டீச்சர். யாரும் சொல்லிச் செய்யல, அவனாத்தான் செய்யறான்" என்றார். சான்றிதழில் அந்த வாக்கியம் கிட்டத்தட்ட அப்படியே ஏறியது. வாசித்தபோது பையன் நெளிந்தான். "வீட்டில் ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைக்கமாட்டானே!" என்று அவன் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

அடுத்து, வாரந்தோறும் வந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்ட தாத்தா பாட்டிகளுக்கு. நீங்கள் செய்த பெரிய உதவி, குறுக்கே பேசாமல் இருந்ததுதான். பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கி நிற்கும்போது அதை எடுத்துக் கொடுக்காமல் காத்திருப்பது பெரியவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் கட்டத்தில் பிள்ளையின் கவனமெல்லாம் எழுத்திலேயே செலவாகிவிடும். கதையைப் பிடிக்க மிச்சம் இருக்காது. ஒரே கதையைத் திரும்பத் திரும்ப உரக்கப் படிக்கும்போதுதான் சொற்கள் பார்த்த மாத்திரத்தில் பிடிபடத் தொடங்கும். ஆண்டுத் தொடக்கத்தில் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்த ஒரு சிறுமி இருக்கிறாள். நாளாக நாளாக அந்த விரல் வரிக்கு அடியில் நிற்காமல் ஓடியது. பிறகு வரியை விட்டே விலகிப் பக்கத்தின் மூலைக்குப் போய், அடுத்த பக்கத்தைத் திருப்பக் காத்திருந்தது. இதைக் கவனித்துச் சொன்ன பாட்டிக்குத் தனியாக ஒரு கும்பிடு.

'ரேங்க் இல்லாவிட்டால் பிள்ளைக்கு முன்னேறும் வேகம் எப்படி வரும்?' என்று கூட்டத்தில் கேட்ட அப்பாவுக்கும் நன்றி. நியாயமான கேள்வி. உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வைத்தான் அன்று பதிலாகச் சொன்னேன். 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், கடினமான புதிரில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். 'நன்றாக முயன்றாய்' என்று பாராட்டப்பட்டவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். அவர் முழுதாக ஒப்புக்கொண்டாரா தெரியாது. ஆனால் விழாவன்று நாற்காலி போட்டது முதல் மைக் பிடித்தது வரை முன்னால் நின்றவர் அவர்தான்.

இனி விடுமுறை. இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், நீண்ட விடுமுறை என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். யார் வீட்டில் எந்த நாள் எத்தனை பிள்ளைகள் என்று முறை போட்டு அட்டவணை தயாரித்த அம்மாக்கள் குழுவுக்கு எப்படி நன்றி சொல்வது! அதில் சேர்ந்துகொண்ட அப்பாக்களையும் விட்டுவிடவில்லை. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் பேர் வாருங்கள்.

பயிற்சித் தாள் கட்டு ஏன் கொடுக்கவில்லை என்று சிலர் கேட்டீர்கள். ஓய்வும் விளையாட்டும் பிள்ளைகளின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 31ஆவது பிரிவில் சொல்கிறது. அதற்காகப் புத்தகத்தையே மூட்டை கட்டிவிட வேண்டாம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் குழுவினரும் 1996இல் 39 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, நீண்ட கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பிள்ளைகள் பின்தங்கியது தெரிந்தது. கணக்குப் போடுவதும் எழுத்துப்பிழையின்றி எழுதுவதும்தான் அதிகம் மறந்துபோயின. வீட்டில் கதை காதில் விழும், பெருக்கல் விழாதே! வாசிப்பிலோ, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தாக்குப்பிடிக்க, மற்றவர்கள் சறுக்கினார்கள். அதனால்தான் விடுமுறையிலும் பள்ளி நூலகத்தைத் திறந்து வைக்க முன்வந்த நூலகர் அக்காவின் உதவி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. புத்தகம் வாங்க முடியாத வீட்டுக்கும் புத்தகம் போகும்.

பழைய அட்டைகளை வெட்டி, பெருக்கல் விளையாட்டுச் சீட்டுகளைச் செய்து கொடுத்த ஐந்தாம் வகுப்பு அண்ணன்மார், அக்காமாருக்கும் நன்றி. தினமும் பத்து நிமிடம் ஆடினால் போதும். கடைசி வாரத்தில் மொத்தமாக உட்கார வைப்பதைவிட, விட்டுவிட்டு ஆடுவதுதான் மனத்தில் தங்கும்.

நீச்சல் கற்றுத் தர ஒப்புக்கொண்ட அப்பா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். நானும் அவர் பக்கம்தான். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை, போனைக் கையில் எடுக்காத ஒரு பெரியவர் கரையில் இருந்தே ஆக வேண்டும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்திக் கூப்பிடாது, சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. கரையில் உட்காரப் பெயர் கொடுத்தவர்களுக்கு முன்கூட்டியே நன்றி. பட்டியலில் இன்னும் இடம் இருக்கிறது.

நூலகம் திறக்கும் நாட்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். சீட்டுக்கட்டோடு கொடுத்த பகடை தொலைந்தால் புதிதாக வாங்க அலைய வேண்டாம். துண்டுத் தாளில் 1 முதல் 6 வரை எழுதிக் குலுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மூன்றாம் வகுப்பு டீச்சர்