முகக்கவசத்தை வாசலிலேயே வழங்கக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
புறநோயாளிகள் பிரிவுச் செவிலியர்கள், ஆய்வக நுட்பநர்கள்

பெறுநர்:
உயர்திரு சுகாதாரத் துறை அதிகாரி அவர்கள்

பொருள்: காத்திருப்புக் கூடத்தில் எல்லோருக்கும் முகக்கவசம் – தொடர்பாக

பார்வை: இதே பொருளில் அளித்த 3 மனுக்கள் (பதில் இல்லை)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் ஆய்வுக்கு வந்து நின்ற கூடம்தான். சீட்டுப் பதிவுக்கும் மருத்துவர் அறைக்கும் நடுவே பெஞ்சுகள் நெருக்கியிருக்குமே, அதே இடம்.

1. முகக்கவசம் இப்போது மருந்து கவுண்ட்டரில், மாத்திரையோடு தரப்படுகிறது. அதாவது, நோயாளி இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து இருமி முடித்து வீட்டுக்குக் கிளம்பும்போது. வாயிலிருந்து கிளம்பும் துளியை அங்கேயே பிடிப்பதுதான் முகக்கவசத்தின் முதல் வேலை. வெளியே வந்துவிட்டால் துளி காய்ந்து சிறுத்துவிடும். காசநோய்க் கிருமி உள்ள 1 முதல் 5 மைக்ரான் துகள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். பக்கத்து பெஞ்சில் தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தைகள். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மூச்சுத்திணறும் என்பதால் முகக்கவசம் போடக் கூடாது. சுற்றியிருப்பவர்கள் போட்டால்தான் அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு. இதை மூன்று முறை எழுதிவிட்டோம், ஐயா.

2. "இருமுகிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?" என்று வாய்மொழியாகக் கேட்டார்கள். போதாது. கொரோனா, அறிகுறி தெரிவதற்கு 2 நாள் முன்பே பரவத் தொடங்கும்.

3. ஒரு கணக்கு. ஒருவரிடமிருந்து 2 பேருக்குப் பரவும் நோய். முகக்கவசம் வெளிவிடும் கிருமியில் பாதி, உள்ளிழுப்பதில் பாதி தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேர் போட்டால் அந்த 2 என்பது 1.125 ஆகும், 1-க்கு மேல் இருப்பதால் நோய் இன்னும் வளரும். 10 பேரில் 8 பேர் போட்டால் 0.72, 1-க்குக் கீழே போவதால் தணியும். நேரில் இவ்வளவு சுத்தமாக நடக்காது. வங்கதேசக் கிராமங்களில் 2020-21இல் இலவசமாகக் கொடுத்து, நேரிலும் நினைவூட்டியபோது அணிவோர் 13 சதவீதத்திலிருந்து 42 ஆனார்கள். அறிகுறியுள்ள தொற்று சுமார் 9 சதவீதம்தான் குறைந்தது. பாதிப் பேர்கூடப் போடாத நிலையில் அவ்வளவு.

4. வால்வு வைத்தது வேண்டவே வேண்டாம். விடும் மூச்சு வடிகட்டாமல் அப்படியே வெளியே போகும். மூன்றடுக்கு, மூக்குக் கம்பியோடு. கம்பி இல்லையென்றால் கன்னத்தோரம் கசியும். நடு அடுக்கின் மின்னேற்றம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. சானிடைசர் தெளித்தாலோ சோப்பில் அலசினாலோ அது போய்விடும். ஆகவே "துவைத்துப் பயன்படுத்துக" என்று சுவரில் ஒட்டியிருக்கும் தாளைத் தயவுசெய்து கிழிக்கச் சொல்லுங்கள்.

5. ஜன்னல்கள். திறக்க வேண்டும். இதற்குமா மனு?

கேட்பது இவ்வளவே: வாசலில் ஒரு மேசை, மூக்குக் கம்பியை அழுத்திவிடச் சொல்லித்தர ஓர் ஆள், மூடியுள்ள குப்பைத்தொட்டி. முகக்கவசப் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது, ஐயா. கவுண்ட்டரிலிருந்து வாசலுக்கு அதை எடுத்து வைக்க உத்தரவிடுங்கள். பணிந்து கேட்கிறோம், உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பிரிவு ஊழியர்கள்