ஊட்டி வழிகாட்டி நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். போன மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்கு வந்திருந்தோம். வேனில் கூட வந்த வழிகாட்டித் தம்பி கலகலப்பாகப் பேசினார். அவர் சொன்ன ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது: "1819ல சல்லிவன் துரை கண்டுபிடிச்ச ஊர் சார் இது. அதுக்கு முன்னாடி வெறும் காடு."

கண்டுபிடிக்க என்ன இருந்தது? இந்த மலையில் எருமை வளர்த்து வாழும் பழங்குடி தோடர். 1117ஆம் ஆண்டு ஹொய்சாளக் கல்வெட்டிலேயே அவர்கள் பெயர் வருகிறது. வெள்ளைக்காரர் கணக்கில் பார்த்தாலும், 1603இல் ஃபெனிசியோ என்ற பாதிரியார் மலையேறிவந்து அவர்களைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். கோவை கலெக்டர் சல்லிவன் வந்தது அதற்கும் இருநூறு வருஷம் கழித்து. ஊட்டி என்ற பெயரே ஒத்தைக்கல் மந்திலிருந்து வந்தது என்பார்கள். மந்து என்றால் தோடர் குடியிருப்பு.

வெறும் காடும் இல்லை. மேடெல்லாம் புல்வெளி, பள்ளத்தில்தான் சோலை. அந்தப் புல்லை நம்பித்தான் எருமை. தோடருக்குப் பால் கடையும் இடமே கோயில். அதன் கூரை வேயவும் சதுப்பில் வளரும் புல்தான் வேண்டும். உழாத நிலம் என்பதால் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் கண்ணுக்கு அது தரிசு. ஏக்கர் ஒரு ரூபாய்க்கு சல்லிவன் வாங்கிய கதையை நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். நிலம் தோடருடையதுதான் என்று மேலிடத்தில் வாதாடியவரும் அவரே, அதையும் சேர்த்துச் சொல்லலாமே. மேய்ச்சல் உரிமைக்கு மேல் ஒன்றுமில்லை என்று மேலிடம் கைவிரித்துவிட்டது.

அப்புறம் மரம் வந்தது. பங்களாவுக்கும் பட்டாளத்துக்கும் விறகு வேண்டுமென்று ஆஸ்திரேலியாவின் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில்) கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் விடாமல் நட்டோம். பழி முழுவதையும் துரைமார் தலையில் கட்ட முடியாது. சீகை அடர்ந்த இடத்தில் புல் தலையெடுப்பதில்லை. எருமை எங்கே போய் மேயும்?

தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் மந்துக்கும் கூட்டிப்போனார் தம்பி. "பத்து நிமிஷம், போட்டோ எடுத்துக்கங்க" என்றார். ஒரு பாட்டி, தோடர் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளிச் சால்வையில் கறுப்பும் சிவப்புமாகத் தைத்துக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பேர் கேட்காமலே படம் எடுத்தோம். நானும்தான்.

அடுத்த முறை அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டை இந்தப் புல்வெளிக் கதைக்கு ஒதுக்குங்கள். 'கண்டுபிடித்தார்' என்பதை 'வந்துசேர்ந்தார்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். படம் எடுக்குமுன் பாட்டியிடம் கேட்கச் சொல்லி எங்களை ஒரு வார்த்தை அதட்டினாலும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அன்புடன்,
பின் சீட்டில் உட்கார்ந்துவந்த பயணி