டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மக்களுக்கு ஒரு நன்றி மடல்

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸின் முன்னாள் குடியிருப்பாளர்களுக்கும், அருங்காட்சியகப் பணியாளர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

உங்கள் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி அமைந்திருக்கும் தென்னாப்பிரிக்க நகரான கேப் டவுனில் மூன்றாண்டுப் பணியை முடித்து ஊர் திரும்பும் நான், விடைபெறும் நாளில் உங்கள் முன் சொல்ல வராமல் போன நன்றியை இம்மடலில் எழுதுகிறேன்.

1966 பிப்ரவரி 11 அன்று உங்கள் பகுதி வெள்ளையருக்கு மட்டுமே உரியது என்று நிறவெறி அரசு அறிவித்ததையும், அதன்பின் 60,000-க்கும் மேற்பட்டோர் கேப் ஃபிளாட்ஸ் மணல்வெளிக்கு விரட்டப்பட்டதையும், வழிபாட்டிடங்கள் சிலவற்றைத் தவிர வீடும் கடையுமாக எல்லாம் இடித்துத் தள்ளப்பட்டதையும் நான் முன்பே படித்திருந்தேன். ஆனால் பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் 1994-இல் நீங்கள் தொடங்கிய அருங்காட்சியகத்தில், தரை முழுதும் விரிந்திருக்கும் தெரு வரைபடத்தின் மேல் முழந்தாளிட்டு, "இது எங்கள் வாசல், இது தையற்காரர் வீடு" என்று விரலை நகர்த்திக்கொண்டே போன அம்மையாரால்தான் இழந்தது என்னவென்று எனக்கு விளங்கிற்று. அம்மா, அன்று எனக்காக ஒரு மணி நேரம் செலவிட்டீர்கள். உங்களுக்கே என் முதல் நன்றி.

மேலிருந்து வரிசையாகத் தொங்கும் அந்தத் தெருப் பெயர்ப் பலகைகளை, இடிப்புப் பணியை மேற்பார்த்த ஒருவரே எறியாமல் பல ஆண்டுகள் வீட்டில் வைத்திருந்து உங்களிடம் ஒப்படைத்தார் என்று கேட்டபோது, அவருக்கு நன்றி சொல்வதா என்று வெகுநேரம் தயங்கினேன். பலகைகளை வாங்கி மாட்டிய உங்கள் பெருந்தன்மைக்குத் தயக்கமின்றிச் சொல்கிறேன். வந்து போவோர் துணியில் எழுதும் பெயர்களையும் நினைவுகளையும், மை மங்குமுன் நூலால் தைத்து வைக்கும் கைகளுக்கும் என் வணக்கம்.

அரசு சூட்டிய ஸோனபுளூம் என்ற பெயரை நீக்கி, 2019-இல் பழைய பெயரை மீட்டீர்கள். நிலம் மட்டும் இன்னும் பலருக்குத் திரும்பவில்லை. அதற்காகக் காத்திருந்தே முதியோர் பலர் மறைந்துவிட்டனர் என்பதை எழுதாமல் இம்மடலை முடிக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆண்டுதோறும் பிப்ரவரி 11-இல் நீங்கள் நடந்து சென்று நினைவுக் கற்குவியலில் கல் வைக்கும் நிகழ்வுக்கு, அயலாளாகிய என்னையும் அழைத்தீர்கள். ஒதுங்கி நின்ற என்னிடம் பெரியவர் ஒருவர், கையிலிருந்த இரு கற்களில் ஒன்றைத் தந்து, மறைந்த தம் அண்டை வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி வைக்கச் சொன்னார். நான் தவறாக உச்சரித்ததும் பொறுமையாக இரண்டு முறை திருத்தினார். ஐயா, இப்போது அப்பெயரை நான் சரியாகவே சொல்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஊரில் சில காலம் வாழ்ந்தவன்