மாடியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. மூட்டு வலிக்குப் படியே ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நான் இருப்பதோ மாடியில்! பேரன் பாவம் பார்த்து அவனுடைய டேப்லட்டைக் கொடுத்தான். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பார்த்துத் தள்ளுகிறேன்.

அதில்தான் பழைய ஹாலிவுட் நடிகை மேரி டிரெஸ்லர் கிடைத்தார். 1868-இல் கனடாவின் கோபர்க்கில் பிறந்து, சின்ன வயதிலேயே நாடகத்துக்கு வந்தவர். பருத்த உடம்பு, பெரிய தாடை. கதாநாயகி வேஷம் யார் தருவார்கள்? சிரிக்க வைப்பதையே பிழைப்பாக்கி மேடையில் பெரும் பெயர் வாங்கிவிட்டார். 1914-இல் சாப்ளினோடு ஒரு முழுநீள ஊமைப்படம், அதில் அந்தம்மாதான் பெரிய ஆள், சாப்ளின் அப்போதுதான் சினிமாவுக்கு வந்த புது முகம். 1919-இல் நியூயார்க் நாடக நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூட்டமாக ஆடிப் பாடும் கோரஸ் பெண்கள் பக்கம் நின்று அவர்கள் சங்கத்துக்கு முதல் தலைவரும் ஆனார். அப்புறம்? 1920-களில் வேலையே இல்லை. பழைய சிநேகிதி, திரைக்கதை எழுதும் பிரான்சஸ் மேரியன், 1927-இல் எம்.ஜி.எம். என்ற பெரிய சினிமா கம்பெனியின் படம் ஒன்றில் நுழைத்துவிட்டார். அதையும் ஐரிஷ்காரர்கள் எங்களைக் கேலி செய்கிறது என்று எதிர்க்க, கம்பெனி படத்தையே சுருட்டிக்கொண்டது. நானாக இருந்தால் அன்றோடு கும்பிடு போட்டிருப்பேன்.

1930-இல் ஊமைப்பட நட்சத்திரம் கிரெட்டா கார்போ முதன்முதலாகப் பேசும் படம், ஊரே கார்போ குரலைக் கேட்கப் போனது, போன இடத்தில் குடிகாரக் கிழவியாக வந்த இவர் காட்சியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அதே வருஷம் வாலஸ் பீரியோடு நடித்த படத்துக்கு ஆஸ்கர். விருது கொடுத்தது 1931 நவம்பர் 10, முந்தின நாள்தான் அவருக்கு 63 முடிந்திருந்தது. 1932, 1933 இரண்டு வருஷமும் அமெரிக்காவில் வசூலில் முதலிடம் இவருக்குத்தான் என்று தியேட்டர்காரர்களே ஓட்டுப் போட்டார்கள், நம்புவாயா?

இவர் நடித்த 'டின்னர் அட் எய்ட்' படத்தின் கடைசிக் காட்சியை மட்டுமாவது பார். இளம் நடிகை ஜீன் ஹார்லோ தளதளவென்று நடந்துகொண்டே, தான் ஒரு புத்தகம் படித்ததாகச் சொல்கிறாள். கூட நடக்கும் இவர் அப்படியே நின்றுவிடுகிறார், கால் ஒரு கணம் தடுக்கி, அத்தனை பெரிய உடம்பும் ஒரு குலுக்கு குலுங்குகிறது. வாய் திறப்பதற்கு முன்பே நான் சிரித்துவிட்டேன். ரிவைண்ட் பண்ணி ஆறு தடவை பார்த்தேன்.

அதிர்ஷ்டம் கடைசியில் கண் திறந்தது என்று எழுதுகிறார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. நாற்பது வருஷம் மேடையில் கத்திப் பழகிய குரல் அது, சினிமாவுக்கு வாய் முளைத்ததே அப்போதுதானே. அந்தச் சுருக்கமும் தொங்கின கன்னமும் இல்லாமல் அந்த வேஷங்களை யார் செய்திருக்க முடியும்? என்ன, அனுபவிக்கத்தான் நாள் இல்லை. 1934 ஜூலையில் புற்றுநோயில் போய்விட்டார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நாடகத்தில் பாட்டி வேஷத்துக்குக் கூப்பிட்டார்கள், இந்த வயதில் எனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, பாட்டி வேஷத்துக்கு வேறு எந்த வயதில் போவாய்? நாளைக்கே போன் பண்ணு, வேறு யாரையாவது பிடித்துவிடப் போகிறார்கள். தேதியைச் சொல், டாக்டர் படி இறங்க விட்டால் முன் வரிசையில் இருப்பேன்.

உன்,
மாடிக் கைதி