சென்னை தந்தியும் நம்மூர் தந்தியும் ஏன் வேற வேறயா இருக்கு?

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். கோவில்பட்டியில உங்களுக்கு வீடு தேடி பேப்பர் போடுற ஏஜென்சியில இருந்து எழுதுறோம்.

கொஞ்ச நாளா ஒரே கேள்விதான் வருது. மெட்ராஸ்ல இருக்குற மவன் காலையில படிச்சேன்னு போன்ல சொன்ன செய்தி நம்ம தினத்தந்தியில காணோமே, பழைய பேப்பர போடுறீங்களான்னு. பழசு இல்லங்க, மேல தேதிய பாருங்க. பேரு ஒண்ணுதான், அச்சாகுற ஊரு வேற. நமக்கு வர்றது நெல்லை பதிப்பு, அவர் கையில இருக்குறது சென்னை பதிப்பு. முதல் பக்கத்து பெரிய செய்தி அநேகமா ஒண்ணாதான் இருக்கும், உள்ள போனா அவருக்கு தாம்பரத்து தண்ணி பிரச்சனை, நமக்கு எட்டயபுரம் பஸ் பிரச்சனை.

இது இன்னைக்கு நேத்து வந்த ஏற்பாடு இல்ல. பேப்பர ஆரம்பிச்ச சி.பா. ஆதித்தனார் நம்ம பக்கத்து ஆளுதான், திருச்செந்தூர் பக்கம் காயாமொழி. லண்டன்ல பாரிஸ்டருக்கு படிச்சு, சிங்கப்பூர்ல வக்கீலா இருந்துட்டு ஊர் திரும்பினவரு 1942 நவம்பர் 1ல மதுரையில தினத்தந்திய கொண்டுவந்தாரு. உலகப்போர் நடக்குற நேரம், காகிதத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு, வைக்கோல ஊறவச்சு கூழாக்கி கையாலயே காகிதம் செஞ்சு அச்சடிச்சாங்கன்னு சொல்லுவாங்க. லண்டன் டெய்லி மிரர் பாணிய பாத்து கொட்டை எழுத்து தலைப்பு, படம், கொலை கேஸு, கோர்ட்டு விசாரணைன்னு போட்டாரு. எழுத்துக்கூட்டி படிக்கிறவனுக்கும் புரியணும்னு பேச்சுத் தமிழ்ல எழுத வச்சாரு, நிருபர்களுக்குன்னே 'இதழாளர் கையேடு'ன்னு ஒண்ணு எழுதியும் குடுத்தாரு. டீக்கடையில ஒருத்தர் சத்தமா வாசிக்க சுத்தி இருக்குறவங்க கேட்டதெல்லாம் அந்த எழுத்தாலதான். பண்டிதர்மார் சிலர் முகம் சுளிச்சிருப்பாங்க, ஆனா படிக்கத் தெரிஞ்சவங்க எண்ணிக்கையே கம்மியா இருந்த காலத்துல அது பெரிய வேலைங்க.

எல்லாரும் அந்த கொட்டை எழுத்தப் பத்திதான் பேசுவாங்க, பேப்பர் போடுற எங்கள கேட்டா அச்சு மிஷின எங்க வச்சாருங்குறதுதான் பெரிய விஷயம்னு சொல்லுவோம். சுதேசமித்திரன், தினமணி எல்லாம் அப்ப மெட்ராஸ்ல அச்சாகி ரயிலேறி தெக்க வரணும், வந்து சேருறதுக்குள்ள பொழுது ஏறிரும். இவரு மதுரையிலயே அடிச்சாரு. அப்புறம் சென்னை, சேலம், திருச்சி, நெல்லைன்னு விரிஞ்சு பின்னால பெங்களூரு, மும்பை வரைக்கும் போயிட்டாங்க. விடியிறதுக்குள்ள வண்டி எதுவரைக்கும் ஓட முடியுமோ அதுவரைக்கும் ஒரு பதிப்பு, அதுக்கு மேல இன்னொரு ஊர்ல மிஷின், அவ்வளவுதான் கணக்கு.

1959ல நெல்லையில மாலை முரசு வந்துச்சு, அதை மூத்த மகன் ராமச்சந்திர ஆதித்தன் பாத்துக்கிட்டாரு, தந்தி இளைய மகன் சிவந்தி ஆதித்தன் கைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் ராணி, ராணி முத்து, ரேடியோ, டிவின்னு நீண்டுக்கிட்டே போச்சு, 2013ல அவர் காலமான பிறகு இப்ப அவர் மகன் பாத்துக்குறாரு. 1960ல ஆரம்பிச்ச கன்னித்தீவு படக்கதை மட்டும் இன்னும் முடியல, தாத்தா படிச்சத பேரனும் படிக்கிறான், சிந்துபாத் கரை சேர்ந்த பாடில்லை. அதுல மட்டும் எந்த ஊர் பதிப்புன்னு எங்ககிட்ட சண்டை வராது.

இன்னொரு கேள்வி, ராத்திரி கிரிக்கெட் ரிசல்ட் ஏன் சில நாள் இல்லன்னு. தூரத்து ஊருக்கு போற கட்டுதான் முதல்ல அச்சாகும், வேன் முதல்ல கிளம்பணும்ல, அதனால மேட்ச் லேட்டா முடிஞ்சா நம்ம காப்பியில ஏறாது, அச்சகம் இருக்குற ஊர்க்காரங்க காப்பியில ஏறியிருக்கும். நமக்கு இருட்டோட கட்டு இறங்கும், பையங்க ரோட்டோரத்துலயே உக்காந்து இணைப்ப சொருகி சைக்கிள்ல ஏத்திருவாங்க. சென்னை பதிப்புதான் வேணும்னு சிலர் கேக்குறீங்க, 500 கிலோமீட்டருக்கு மேல தாண்டி அந்த காப்பி விடியக்காலம் இங்க வராது, மன்னிச்சிருங்க.

முக்கியமா விளம்பரம் குடுக்குறவங்களுக்கு. போன மாசம் ஒரு அக்கா அவங்க அப்பாவுக்கு நினைவஞ்சலி குடுத்தாங்க, படத்தோட அழகா வந்துச்சு, ஆனா தாம்பரத்துல இருக்குற தங்கச்சி காலையிலேயே பேப்பர் வாங்கி பக்கம் பக்கமா தேடிட்டு போன் போட்டு ஒரே அழுகை. விளம்பரம் நெல்லை பதிப்புக்கு மட்டும் குடுத்தது. ஒரு பதிப்புக்கு ஒரு ரேட்டு, எல்லா பதிப்புக்கும்னா ரேட்டு எங்கயோ போயிரும், அதனால சொந்தக்காரங்க எந்தெந்த ஊர்ல இருக்காங்கன்னு முதல்லயே சொல்லிருங்க, எந்த பதிப்பு போதும்னு பாத்து சொல்லுறோம். மேட்டரும் போட்டோவும் முந்தின நாள் மதியத்துக்குள்ள கடைக்கு வந்துரணும். பில்லு வழக்கம்போல மாசம் பொறந்ததும் பையன் கொண்டு வருவான், சில்லறையா குடுத்தா அவனுக்கு உதவியா இருக்கும்.