காரை எங்கே சேர்விஸுக்கு விடுவது? நுவரெலியா நண்பனுக்கு ஒரு கடிதம்

ஹட்டன்

அன்பின் செல்வம்,

புதுக் கார் எடுத்ததற்கு முதலில் வாழ்த்துகள் மச்சான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, “ஆறு மாதத்தில் திறந்துவிடுவார்கள், பார்” என்று பந்தயம் கட்டியவன் நீ. தனியார் கார்களுக்கு அது 2025 பெப்ரவரி வரை இழுத்துவிட்டது. அத்தனை காலமும் அந்தப் பழைய காரை நீ எப்படி உருட்டினாய் என்று பார்த்தவன் நான். அதனால் உன்னைவிட எனக்குத்தான் சந்தோசம் கூட. பந்தயக் காசை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். வீட்டில் அவளுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. குளிர் கூடினால் படி இறங்க மாட்டேன் என்கிறாள். சின்னவள் பேராதனையில் கடைசி வருடம். போன் எடுத்தால், காசு முடிந்துவிட்டது என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டதால் மஸ்கெலியா ரோட்டில் இரவு பகலாக வேன்கள்தான். டவுனில் கறி புளி வாங்கக்கூடக் காரை எடுக்காமல் நடந்தே போய் வருகிறேன்.

சரி, நீ கேட்ட விசயம். அடுத்த சேர்விஸுக்கும் கண்டிக்கு இறங்கி கார் கம்பனியின் ஏஜென்டிடமே விடுவதா, நுவரெலியாவிலேயே தெரிந்த கராஜில் பார்த்துக்கொள்வதா என்று கேட்டிருந்தாய். வெளியே சேர்விஸ் செய்தாலும் வாரண்டியில் யாரும் கை வைக்க முடியாது என்று அமெரிக்காவிலிருந்து மருமகன் அடித்துச் சொன்னாராம்.

மருமகன் சொன்னது அவர் இருக்கிற நாட்டுக்குச் சரி. அங்கே 1975ஆம் ஆண்டு வந்த மக்னசன்-மொஸ் என்ற வாரண்டிச் சட்டம் இருக்கிறது. எங்கள் ஆட்களிடம்தான் சேர்விஸ் செய்ய வேண்டும், எங்கள் பெயர் போட்ட சாமான்தான் போட வேண்டும் என்று கம்பனி நிபந்தனை வைக்க முடியாது; அப்படி வைப்பதென்றால் அதை இலவசமாகத் தர வேண்டும். அந்தச் சட்டத்தை நுவரெலியாக்காரன் கண்டிக் கவுன்டரில் போய்க் காட்ட முடியுமா? உன் கையில் கொடுத்த வாரண்டிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் இங்கே பேச்சு. எத்தனை கிலோமீற்றர், எத்தனை மாதம், யாரிடம் செய்ய வேண்டும், எந்தச் சாமானுக்கு வாரண்டி இல்லை என்று எல்லாம் அதில் இருக்கும். நீ பாங்கில் இருந்த காலத்தில் அடமானப் பத்திரங்களை வாசித்த கண்ணோடு ஒருமுறை உட்கார்ந்து வாசி.

அதனால் வாரண்டி முடியும்வரை ஏஜென்டிடமே போ. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. புதுக் காரில் கியர் பெட்டியோ கம்பியூட்டர் பெட்டியோ பழுதாகினால் வரும் செலவு நம்முடைய பென்சனுக்குள் அடங்காது. ஒரு ஒயில் மாற்றத்தில் மிச்சம் பிடிக்கப் போய் அந்த உரிமையை இழப்பானேன்? பின்னால் விற்கும்போதும் அது உதவும். கார் விற்கிற விளம்பரங்களில் ‘ஏஜென்ட் மெயின்டெயின்’ என்று போட்டால் விலை பேசுகிறவன் கொஞ்சம் அடங்கித்தான் பேசுகிறான்.

ஆனால் அங்கே விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கண்ணாடி அறைக்குள் ஓசிக் கோப்பியைக் குடித்துக்கொண்டு இருந்துவிடாதே. பெரிய இடங்களில் உன்னோடு பேசுகிறவர் வேறு, காருக்குக் கீழே படுக்கிறவர் வேறு. மேசையில் இருக்கிற பையன் மரியாதையாக சேர், சேர் என்பான். உன் காரின் சக்கரம் கழற்றப்பட்டதா என்று அவனுக்குத் தெரியாது. போன சேர்விஸ் கார்டில் எல்லாம் ‘சரி’ என்று வந்திருக்கிறதே என்று எழுதியிருந்தாயே, அந்தச் ‘சரி’யைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வேகன் ஆரை வாங்கிய புதிதில் நானும் ஒரு பெரிய இடத்தில்தான் சேர்விஸ் செய்துவந்தேன். எந்த இடம் என்பது இப்போது வேண்டாம். கார்டில் பிரேக் என்ற வரிக்கு நேரே பச்சைப் பேனையால் சரி போட்டுத் தந்தார்கள். பிறகு கினிகத்தேனை இறக்கத்தில் முன் சக்கரத்தில் ஒரு கீச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. இங்கே டவுனுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் வேலை செய்கிற மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடுகளை அழுத்துகிற கலிப்பரை அவிழ்த்து, இரண்டு பேடையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வெளிப்பக்கத்துப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம். உள்பக்கத்துப் பேடில் இரும்புத் தகடு தெரிகிறது. வெளியிலிருந்து குனிந்து பார்த்தால் அந்த வெளிப்பேடுதான் கண்ணில் படும், அதைப் பார்த்துத்தான் சரி போட்டிருக்கிறார்கள். கலிப்பர் வழுக்கி ஓடுகிற ‘பின்’ என்ற இரும்புக் குச்சி துருப்பிடித்து இறுகி, ஒரு பக்கத்துப் பேடே எல்லாப் பாரத்தையும் தாங்கியிருக்கிறது. நம்முடைய மழைக்கும் சேற்றுக்கும் இது அடிக்கடி நடக்கிறது என்றார் பாஸ். பின்னைத் துடைத்து, அதற்குரிய கிரீஸைப் பூசி, விரலால் தள்ளி அது ஓடுவதை எனக்குக் காட்டிவிட்டுத்தான் மூடினார். பார்த்துச் செய்தால் அதிக நேரம் பிடிக்காத வேலை.

இந்த மலைநாட்டில் எஞ்சினைவிட நான் பிரேக்குக்குத்தான் பயப்படுகிறேன் மச்சான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கண்டி ஏறத்தாழ 500. நீ சேர்விஸுக்குப் போகிற பாதையே இறம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று ஒரே இறக்கம். கொழும்பில் ஓடுகிற காருக்கு எழுதிய கணக்கு உனக்குப் பொருந்தாது. ஜப்பான் கம்பனிகளே மலைப்பாதையையும் குறுந்தூர ஓட்டத்தையும் கடும் பாவனை என்று தனியாகப் பிரித்து, ஒயில் மாற்றுகிற இடைவெளியைக் குறைக்கச் சொல்கின்றன. இதை நீ கேட்டால்தான் கவுன்டரில் சொல்வார்கள்.

பிரேக் ஒயிலையும் கேள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற சாமான். டொட் 3 என்ற தரத்துப் புது ஒயில் 205 பாகை செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. மூன்று நான்கு வீதம் ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்தால் சூடு அந்த அளவைத் தொட்டுவிடலாம். ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாக உள்ளே போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். சேர்விஸ் பில்லில் இது பெரிய தொகையும் இல்லை. பிரேக் ஒயில் டாங்கியின் மூடியைத் திறந்து பார். வெளிறிய மஞ்சளாக இருந்தால் பரவாயில்லை, பிளேன்டீ நிறத்துக்கு வந்துவிட்டதென்றால் தள்ளிப்போடாதே. இறங்கும்போது கியரையும் சின்னதுக்குப் போட்டுக்கொள். ஒட்டோ கியரில் அந்த ‘எல்’ எழுத்து எதற்கு இருக்கிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

சீசனில் பாஸின் கொட்டகைக்குப் போனால் இதைக் கண்ணால் காணலாம். மலை பார்த்துவிட்டுத் திரும்புகிற கீழ்நாட்டு வேன்கள் தீய்ந்த நாற்றத்தோடு வந்து நிற்கும். டிரைவர்மார் தண்ணீர் ஊற்றிக் குளிரப் பண்ணச் சொல்லிக் கத்துவார்கள். ஊற்ற விடமாட்டார் மனுசன். கொதிக்கிற பிரேக் டிரம்மில் தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும் என்று, ஆட்களை இறக்கி, டீ குடிக்க அனுப்பிவிட்டுத்தான் கை வைப்பார்.

அதற்காகக் கராஜ்காரர் எல்லோரும் உத்தமர் என்று சொல்லவரவில்லை. ஒயில் எந்த டிரம்மிலிருந்து வருகிறது என்று கேட்டால் முகம் கறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜெனுவின் என்று சொல்லி வேறு பெட்டியில் போட்டுத் தருகிற பில்டரும் இருக்கிறது. நான் ஒயிலையும் பில்டரையும் நம்பிக்கையான கடையில் சீல் உடையாமல் வாங்கிக்கொண்டு போகிறேன், பாஸ் கூலியை மட்டும் எடுக்கிறார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். அது உண்மைதான். ஆனால் பழைய காரில் கழற்றிய பிரேக் சாமானையும் ஸ்டியரிங் சாமானையும் அங்கே வாங்கவே வாங்காதே. கதவுக் கைபிடி, கண்ணாடி, லைட் என்றால் தாராளமாக வாங்கு.

பாஸுக்குத் தெரியாததும் இருக்கிறது, அதை அவரே ஒத்துக்கொள்வார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்ததே அதனால்தான். என் காரின் சீவீடி என்ற ஒட்டோ கியருக்கு ஒயில் மாற்றக் கேட்டபோது, “இது நம்ம வேலை இல்ல சேர், இதுக்குன்னே உள்ள ஒயில், அளவும் சூடு பார்த்துப் பிடிக்கணும், ஏஜென்ட்கிட்ட போங்க” என்றார். அந்தக் கியர் இரும்புப் பெல்ட்டில் ஓடுகிறது, சாதாரண கியர் ஒயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கி எல்லாமே போய்விடும். ஹைபிரிட் பற்றரி வேலையையும் அவர் தொடமாட்டார். டாஷ்போர்டில் லைட் எரிந்தால் சின்ன ஸ்கேனர் ஒன்றைக் கொளுவிப் பார்ப்பார். அதில் பிடிபடாவிட்டால் கண்டிக்குத்தான்.

இன்னொன்றுக்கும் ஏஜென்ட்தான் கதி. டகாட்டா என்ற ஜப்பான் கம்பனியின் எயார்பேக் கதை உனக்கு ஞாபகம் இருக்கும். நீண்ட காலம் சூட்டிலும் ஈரப்பதனிலும் கிடந்த எயார்பேக்கை ஊதவைக்கிற அந்த வாயுக் குடுவைகள் விபத்தில் வெடித்து உலோகத் துண்டுகளை முகத்தில் அடித்து ஆட்களைக் கொன்றதால், உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி குடுவைகளைத் திருப்பி அழைத்தார்கள். 2017இல் கம்பனியே வங்குரோத்தானது. நம்முடைய ரீகன்டிஷன் கார்களில் பல அந்தக் காலத்தவை. உன் பழைய காரை இப்போது தம்பி ஓட்டுகிறான் அல்லவா? சேசிஸ் நம்பரைக் கொடுத்து அதற்கு அழைப்பு ஏதும் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல். இதைத் தெருமுனைக் கராஜில் கேட்டுப் பயனில்லை.

ஆகவே புதுக் கார் வாரண்டி முடியும்வரை கண்டிக்கே போகட்டும். ஆனால் கையெழுத்துப் போடுமுன், செய்யப்போகிற வேலைகளை எழுதுகிற ஜொப் கார்டை வாசி. எஞ்சின் பிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி மருந்து என்று கீழே சேர்த்திருப்பார்கள். உன் புத்தகத்து அட்டவணையில் அந்தப் பெயர் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல். கோபிக்க மாட்டார்கள், பழகிய பதில்தான். கழற்றிய சாமானைப் பெட்டியில் போட்டுத் தரச் சொல். நாலு சக்கரத்தையும் கழற்றி உள்பேடையும் பார்க்க வேண்டும் என்று கார்டில் எழுதவை. வேலை செய்த பையனோடு ரெண்டு நிமிசம் பேச வேண்டும் என்றும் கேள். மறுத்தால் அடுத்த முறை வேறு கிளையைப் பார்.

சேர்விஸுக்கும் சேர்விஸுக்கும் நடுவில், அதிலும் மழைக்காலம் முடிந்த கையோடு, உன் ஊர்க் கராஜில் பிரேக், டயர், கீழே புஷ், ரப்பர் பூட் இவற்றை மட்டும் பார்க்கச் சொல்லு. ஒன்றையும் மாற்றாமல் பார்த்துச் சொல்வதற்கு ஒரு கூலியைக் கொடு. வாரண்டிக்குள் இருக்கிற எதையும் அங்கே அவிழ்க்க விடாதே. இப்போதிருந்தே அந்த மனுசனைப் பழகிவைத்தால், வாரண்டி முடிகிற அன்று புது ஆள் தேடி அலையத் தேவையில்லை. தம்பியின் பழைய காருக்கு ஏஜென்ட் பில் கட்டுவது வீண் செலவு. அவன் நேராகக் கராஜுக்கே போகட்டும், அந்த எயார்பேக் விசாரணையைத் தவிர.

தைப்பொங்கல் கழிந்து இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருக்கிறாய். நானுஓயா, தலவாக்கலை வழியே வா. சீசன் நெரிசல் என்பதால் சனி ஞாயிறு வேண்டாம், கிழமை நாளில் கிளம்பு. கார்டையும் வாரண்டிப் புத்தகத்தையும் எடுத்துவந்தால் ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம், பாஸிடமும் கூட்டிப்போகிறேன். டிக்கியில் இடமிருந்தால் நாலைந்து கிலோ லீக்ஸும் போட்டுக்கொண்டு வா. இங்கே கடையில் விற்கிற விலைக்கு அவள் வாங்க விடமாட்டேன் என்கிறாள்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
ராஜு