கார்கிவ் கண்காட்சிக்கு நன்கொடை தாருங்கள்

அன்புடையீர், வணக்கம்.

உக்ரைனின் நவீனக் கலையையும் கட்டடக்கலையையும் தமிழில் விளக்கும் நடமாடும் கண்காட்சி ஒன்றைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோகத் தயாரித்து வருகிறோம். 12 படப் பலகைகள், ஒரு மாதிரிக் கட்டடம். மொத்தச் செலவு ரூ. 1,85,000.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் புதுமைக் கலைஞர்களை 'ரஷ்ய அவான்கார்டு' (முன்னோடிக் கலை) என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் ஓவியர் அலெக்சாண்ட்ரா எக்ஸ்டரின் கலைக்கூடம் இருந்தது கீவில். கியூபிசச் சிற்பி ஆர்க்கிபென்கோ பாரிஸுக்குப் போனதும் அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிறகுதான். ஓவியர் மாலெவிச் 1928 முதல் செசான், லெஜே என்ற பிரெஞ்சு ஓவியர்களைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டது உக்ரைன் நகரமான கார்கிவின் 'நோவா ஹெனெராத்சியா' இதழில். 1930இல் கார்கிவ் அறிவித்த நாடக அரங்கப் போட்டிக்கு மேற்கின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர்கள் வால்டர் குரோப்பியஸும் மார்செல் பிராயரும் வரைபடம் அனுப்பினார்கள். மேற்கிலிருந்து உக்ரைன் கலைஞர்கள் கற்றார்கள் என்பது பாதிக் கதைதான்.

மாதிரிக்கு எடுத்திருப்பது கார்கிவின் டெர்ஷ்ப்ரோம். 1928இல் முடிந்த கான்கிரீட் அலுவலகக் கட்டடம். செராஃபிமோவ், கிராவெட்ஸ், ஃபெல்கர் வடிவமைத்தது. 63 மீட்டர் உயரம் 1:200 அளவில் 31.5 செ.மீ. ஆகும். 1950களில் உச்சியில் ஏறிய தொலைக்காட்சிக் கோபுரம் மாதிரியில் இருக்காது.

எம்.டி.எஃப். (மர இழைப் பலகை) மழைக்காலத்தில் ஊதும் என்பதால் 2 மி.மீ. சாம்பல் நிற அக்ரிலிக்கில் லேசர் வெட்டு. அக்ரிலிக்கை ஒட்டும் குளோரோஃபார்ம் கொஞ்சம் அதிகமாக வழிந்தாலும் முகப்பு வெளுத்துவிடும். ஊசியால்தான் விட வேண்டும், கூலியும் அதற்கேற்ப. உண்மையான சிக்கல் மூன்று தொகுதிகளை இணைக்கும் வான்பாலங்கள். வட்டச் சதுக்கத்திலிருந்து தெருக்கள் விசிறியாகப் பிரிவதால் சுவர்கள் இணையாக இல்லை; பாலத்தை நேராக வெட்டினால் ஒரு முனையில் இடைவெளி விழும். பயணத்தில் முதலில் உடைவதும் அவைதான். அதனால் கழற்றி மாட்டும் பாலங்கள், கூடவே ஒரு மாற்றுத் தொகுப்பு. மாதிரிக்கு ரூ. 62,000.

3×4 அடிப் பலகைகளுக்கு ரூ. 48,000. ஃப்ளெக்ஸ் பளபளக்கும், சுருட்டினால் கோடு விழும். சன்போர்டு எனும் நுரைப் பலகையைச் சட்டமில்லாமல் சாய்த்து வைத்தால் வளையும். எனவே அலுமினியச் சட்டம். 3 அடி அகலத்துக்கு 5,400 பிக்சலாவது வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படங்கள் தாங்காது. உரிமம் பெற்ற படங்களுக்கு ரூ. 40,000. 2024 அக்டோபர் 28 அன்று ரஷ்யக் குண்டு டெர்ஷ்ப்ரோமைச் சிதைத்த பின் எடுத்த படங்களும் அதில் அடக்கம். யுனெஸ்கோவின் மேம்பட்ட பாதுகாப்புப் பட்டியலில் இருந்தும் அடி விழுந்தது.

பெட்டி, லாரி வாடகை ரூ. 35,000.

ரூ. 500 முதல் தரலாம், ரசீது உண்டு. பிளைவுட் பெட்டி செய்து தரக்கூடியவர்கள் பணத்துக்குப் பதில் அதையே தரலாம். உள்ளே 5 செ.மீ. ஸ்பாஞ்சு அவசியம்.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழுவினர்